வேகம் கூட்டிய கிராபிக்ஸ் கார்டைக் கடை திரும்ப வாங்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கணினிப் பொருள்களை வாங்கும், விற்கும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், ஓவர்கிளாக் செய்த, அதாவது வேகம் கூட்டிய, கிராபிக்ஸ் கார்டு (கணினித் திரைக்குப் படங்களை உருவாக்கி அனுப்பும் பலகை) தகராறு செய்தால் கடை திரும்ப எடுக்குமா என்ற ஒரே சிக்கலைத் தொட்ட நான்கை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆசிரியை:

நான் இங்குள்ள பள்ளியொன்றில் தமிழ் கற்பிக்கிறேன். பொறியியல் படிக்கும் என் மகனுக்காகக் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடையில் ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். பில் என் பெயரில் உள்ளது. மூன்றாம் வாரத்தில், விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துக் கணினி மறுபடியும் தொடங்க ஆரம்பித்தது. கடைக்குக் கொண்டுபோனோம். "ஓவர்கிளாக் செய்தீர்களா?" என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. மகன் இல்லை என்று சொல்லிவிட்டான். ஆனால் பேருந்தில் திரும்பும்போது, ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளால் வேகத்தைக் கூட்டி வைத்திருந்ததாக என்னிடம் ஒத்துக்கொண்டான். கடைக்காரரோ, "பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, பில்லிலேயே அச்சிட்டிருக்கிறோம், வேண்டுமானால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புகிறேன்" என்கிறார். உண்மையைச் சொன்னால் வாரண்டியும் போய்விடும், பேசாமல் இரு அம்மா என்கிறான் மகன். எங்களுக்கு உரிமை ஏதாவது உண்டா? நாங்கள் கேரளத்தில் இருக்கிறோம், கடை தமிழ்நாட்டில் இருக்கிறது. வழக்கென்று வந்தால் எங்கே போவது?

பதில்: உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் பின்னிக் கிடந்தாலும், அந்தக் கார்டு உண்மையிலேயே பழுதானதா என்ற ஒன்றுக்கு விடை தெரியாதவரை மற்றவற்றைப் பேசுவது வீண். கடைக்காரர் சோதித்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் மகனும் சோதித்ததாகத் தெரியவில்லை.

ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள், கார்டின் மையச் சில்லும் நினைவகச் சில்லுகளும் ஓடும் கடிகார வேகத்தைத் தயாரிப்பாளர் நிர்ணயித்த அளவுக்கு மேல் உயர்த்துகிறது. ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு, அதன் சில்லை வடிவமைத்த என்விடியா அறிவித்திருக்கும் பூஸ்ட் வேகம் (பாரம் ஏறும்போது எட்டும் வேகம்) 2,460 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் பிழையில்லாமல் ஓடும் என்பதுதான் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்குக் கொடுக்கப்பட்ட உறுதி. அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பது ஒவ்வொரு சில்லுக்கும் வேறுபடும், அதற்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை. தாங்கும் அளவைக் கடந்தால் சில்லு கணக்கில் தவறுகிறது. பதில் வராததைக் கண்டு விண்டோஸ் 2 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மீண்டும் எழுப்ப முயல்கிறது. அதுவும் கைகொடுக்காவிட்டால் திரை கறுத்துக் கணினியே விழுந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் சொல்லும் அறிகுறி பழுதான கார்டிலும் வரும், எந்தப் பழுதும் இல்லாமல் அளவுமீறி ஓட்டப்பட்ட கார்டிலும் வரும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது அப்படியொன்றும் கடினமல்ல. அந்த மென்பொருள் கூட்டும் வேகம் கார்டுக்குள் எழுதப்படுவதில்லை. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள்தான் அதைப் புதிதாகத் திணிக்கிறது. எனவே, மென்பொருளில் ரீசெட் கொடுத்து, தொடக்கத்திலேயே வேகத்தைக் கூட்டும் தேர்வை எடுத்துவிட்டு, மென்பொருளையும் நீக்கி, டி.டி.யு. என்ற கருவியால் டிரைவரை முழுவதும் துடைத்துப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். பிறகு ஜி.பி.யு.-இசட் என்ற இலவசக் கருவியைத் திறந்தால் இயல்பு வேகம் ஒரு வரியிலும் இப்போது அமைக்கப்பட்டுள்ள வேகம் இன்னொரு வரியிலும் தெரியும். இரண்டும் ஒன்றாக இருப்பதை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்துக்கொண்டு, அதே விளையாட்டுகளைச் சில நாள்கள் ஓட்டட்டும். ஓ.சி.சி.டி. என்ற கருவியில் கார்டின் நினைவகத்தை மட்டும் சோதித்துப் பிழைகளை எண்ணிக் காட்டும் வசதியும் உண்டு. இயல்பு வேகத்திலேயே அதில் பிழைகள் வந்தால் கார்டைச் சந்தேகிக்க நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

இந்தச் சோதனையின்போது, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மறந்துவிட வேண்டாம். திரை மட்டும் கறுக்காமல் கணினியே அணைந்து மறுபடி தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சாரம் போதாதபோதும் இப்படித்தான் நடக்கும். இந்தக் கார்டு 115 வாட்தான் எடுக்கிறது என்றாலும், கணினி முழுவதற்கும் சேர்த்து 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. கேபினட்டோடு மலிவாக வந்த பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. நண்பர் யாருடைய கணினியிலாவது கார்டை மாட்டிப் பார்ப்பது இந்தச் சந்தேகத்தை ஒரே மாலையில் தீர்த்துவிடும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பங்குனி, சித்திரை வெயிலையும் கணக்கில் எடுங்கள்: இந்தச் சில்லுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பம் 90 டிகிரி செல்சியஸ், அதை நெருங்கும்போது கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய கேபினட்டில் ஓடும் கார்டு மந்தமாவதைப் பழுது என்று சொல்ல முடியாது.

இயல்பு வேகத்தில் கார்டு ஒழுங்காக ஓடினால், கடைக்குப் போக உங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. விற்றவர் உறுதியளித்த வேகத்தில் அது ஓடுகிறது. அந்த நிலையில் பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால் அது ஏமாற்று; அந்தக் கார்டு சுற்றிச்சுற்றி வேறொருவரின் கைக்குத்தான் போகும். உங்கள் மகனிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இயல்பு வேகத்திலும் திரை கறுத்தால் நிலைமை மாறுகிறது. அப்போது எதிர்த்தரப்பு, ஓவர்கிளாக் செய்ததால்தான் கெட்டது என்று சொல்லும். அந்த வாதம் எவ்வளவு வலுவுள்ளது என்று பார்க்க வேண்டும். சில்லு எடுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தை மட்டும் 5 விழுக்காடு கூட்டினால் மின்திறனும் ஏறத்தாழ அவ்வளவுதான் கூடும். மின்னழுத்தத்தை 10 விழுக்காடு ஏற்றினாலோ 21 விழுக்காடு கூடும். சில்லை உண்மையாகத் தேய்ப்பது மின்னழுத்தமும் வெப்பமும்தான். ஆஃப்டர்பர்னரில் மின்னழுத்தத்துக்கும் மின்திறனுக்கும் உள்ள நெம்புகளை எவ்வளவு தள்ளினாலும், கார்டின் பயாஸில் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) தயாரிப்பாளர் வைத்த வரம்பைத் தாண்ட அவை விடுவதில்லை. வெப்பக் காவலும் அப்படியே வேலை செய்கிறது. இந்த வரம்புகளுக்குள் நடந்த மூன்று வார ஓவர்கிளாக் ஒரு நல்ல கார்டைக் கொன்றது என்பது நடக்கவே முடியாததல்ல. ஆனால் சொல்பவர் காட்ட வேண்டிய ஒன்று. பயாஸை அழித்து வேறு பயாஸ் எழுதியிருந்தாலோ, மின்னோட்டத்தை அளக்கும் மின்தடையின் மேல் இன்னொன்றைப் பற்றவைத்து அளவை ஏமாற்றியிருந்தாலோ, விசிறித் தொகுதியைக் கழற்றி மாற்றியிருந்தாலோ இந்த வாதம் உங்களுக்குக் கிடைக்காது. மகன் இவற்றில் எதையும் செய்யவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி, உண்மையைச் சொல்வது பற்றி. சொல்லிவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. அறத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு பிரமாண வாக்குமூலத்தின் பேரிலும் ஆவணங்களின் பேரிலும்தான் நடக்கிறது. ஓவர்கிளாக் செய்யவே இல்லை என்று நீங்கள் கையெழுத்திட்ட பிறகு, மகன் நண்பர்களுக்கு அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எதிர்த்தரப்பின் கையில் கிடைத்தால் மற்றபடி நல்ல வழக்கும் அங்கேயே முடிந்துவிடும். மாறாக, "மென்பொருள் மூலம் சில நாள்கள் வேகம் கூட்டப்பட்டது உண்மை, அது நீக்கப்பட்டு இயல்பு வேகத்தில் சோதித்தபோதும் இன்னின்ன பழுது தெரிகிறது, சோதனைப் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன" என்று எழுதிக் கொடுப்பவரைக் கடைக்காரரால் எளிதில் மடக்க முடியாது. வாரண்டி அட்டையை எடுத்து நிதானமாகப் படியுங்கள். ஓவர்கிளாக் செய்தாலே வாரண்டி போய்விடும் என்று எழுதியிருக்கிறதா, ஓவர்கிளாக்கினால் உண்டான சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். இரண்டாவது வகை வாசகம் இருந்தால் இயல்பு வேகச் சோதனையே உங்கள் பிடிமானம். முதல் வகை வாசகம் இருந்தால் வழி குறுகல்தான். எனினும் வேகம் கூட்டும் மென்பொருளைத் தங்கள் பெயரிலேயே வெளியிட்டு அதையே விளம்பரமும் செய்யும் கம்பெனிகள், அதைப் பயன்படுத்தினாலே வாரண்டி இல்லை என்று சொல்வது நியாயமா என்ற கேள்வியை ஆணையத்தின் முன் எழுப்ப உங்களுக்கு இடமுண்டு.

கடைக்காரர் பில்லில் அச்சிட்டிருக்கும் வாசகம் அவர் நினைக்கும் அளவுக்கு அவரைக் காப்பாற்றாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக 2(47) பிரிவில் வைத்திருக்கிறது. பில்லில் கால வரம்பு குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள்ளும், குறிப்பிடவில்லையென்றால் 30 நாள்களுக்குள்ளும் இது பொருந்தும். திரும்ப எடுக்கவே மாட்டோம் என்பது கால வரம்பு ஆகாது. ஆனால் சட்டம் பேசுவது பழுதான பொருளைப் பற்றி மட்டுமே. மனம் மாறிவிட்டது, இன்னும் வேகமான கார்டு வந்துவிட்டது என்ற காரணங்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டதால், சோதனையை இந்த வாரமே முடித்து, 30 நாள் கடப்பதற்குள் கடைக்கு எழுத்து மூலம் கோரிக்கை போய்ச் சேரும்படி விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பச் சம்மதித்தால், கார்டின் சீரியல் நம்பரும் நீங்கள் சொன்ன புகாரும் எழுதிய ரசீது இல்லாமல் கார்டைக் கைவிட்டுக் கொடுக்க வேண்டாம்.

எல்லை உங்களுக்குத் தடையில்லை. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் கோயம்புத்தூருக்குத்தான் அலைய வேண்டியிருந்திருக்கும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. ஆகவே பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், கடைக்காரர்தான் வாளையாரைத் தாண்டி வர வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம். பழுதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாதபோது பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வகச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம் என்பதையும், சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதற்கு மேலும் இழுக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புகாரை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுப்பது வேலையை எளிதாக்கும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். பில் உங்கள் பெயரிலும் பயன்படுத்தியவர் மகனாகவும் இருப்பது சிக்கலல்ல. வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோரே.

ஆந்திரத்தின் குப்பம் ஊரிலிருந்து ஒரு வாசகர்:

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய ஆர்.எக்ஸ். 580 கார்டு வாங்கினேன். ஒரு மாதம் சோதனை வாரண்டி என்று வாயால் சொன்னார்கள். பில் கேட்டதற்கு வெறும் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் மாட்டியதும் திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறுகின்றன. நான் வேகத்தைத் தொடவே இல்லை. ஆனால் கடையில், நீங்கள்தான் ஓவர்கிளாக் செய்து கெடுத்தீர்கள் என்கிறார்கள்.

பதில்: நீங்கள் தொடாத கார்டை உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் தொட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. 2017-இல் வந்த இந்த வகைக் கார்டு ஈதரியம் என்ற மின்னணு நாணயத்தைத் தோண்டுபவர்களின், அதாவது கணினியைக் கணக்குப் போடவைத்து அதை ஈட்டுபவர்களின், செல்லப்பிள்ளையாக இருந்தது. அவர்கள் மையச் சில்லின் மின்னழுத்தத்தைக் குறைத்து மின்கட்டணத்தை மிச்சப்படுத்தி, நினைவகத்தின் வேகத்தை மட்டும் ஏற்றி, நினைவகம் பதில் தர எடுக்கும் நேர அளவுகளை இறுக்கிய மாற்றுப் பயாஸைக் கார்டிலேயே எழுதி, இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று ஈதரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கிராபிக்ஸ் கார்டால் அதைத் தோண்டும் தொழில் அடியோடு நின்றது. தோண்டிய கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன.

மேலே ஆசிரியைக்குச் சொன்ன மென்பொருள் ஓவர்கிளாக்குக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பயாஸில் எழுதியது கார்டோடு கூடவே வரும். எந்தக் கணினியில் மாட்டினாலும், விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் போகாது. வண்ணப் புள்ளிகள் சிதறுவது நினைவகம் தடுமாறுவதன் வழக்கமான அடையாளம். கார்டின் விளிம்பில் பயாஸை மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணினியை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். பல கார்டுகளில் இரண்டாவது பயாஸ் தொடப்படாமல் இருக்கும், புள்ளிகள் மறைந்தாலும் மறையும். ஜி.பி.யு.-இசட் காட்டும் பயாஸ் எண்ணையும் நினைவக வேகத்தையும் அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட விவரத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர அளவுகளை மட்டும் மாற்றியிருந்தால் வேகம் மாறாமலே தெரியலாம் என்பதால் பயாஸ் எண் முக்கியம். சரியான பயாஸை நீங்களே எழுதிச் சரிசெய்ய இப்போது முயல வேண்டாம். உங்கள் பக்கத்துச் சான்று அதோடு அழிந்துவிடும்.

துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பில் கொடுக்காமல் இருப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை; சீட்டோடு, பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவும் கடையோடு பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகளும் வாங்கியதற்குச் சான்றாகும். ரயிலேறிச் சென்னைக்குப் போய்ச் சண்டை போடுவதற்குப் பதிலாக இவற்றை இணைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பலிக்காவிட்டால் உங்களுக்கும் சித்தூர் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு. இருந்தாலும் பழைய கார்டு, வாய்மொழி வாரண்டி, சிறு தொகை என்பதை எண்ணிப்பார்த்தால், கடைக்காரர் வேறு கார்டு மாற்றித் தர முன்வந்தால் அதைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு வருவதுதான் உங்களுக்கு லாபம்.

குமுளியிலிருந்து கணினிக் கடை நடத்தும் வாசகர்:

நீங்கள் எப்போதும் வாடிக்கையாளர் பக்கமே பேசுகிறீர்கள். கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் கார்டு வாங்கிப் போய், ஓவர்கிளாக் செய்து விளையாடிவிட்டு, "வாங்கினதிலிருந்தே இப்படித்தான் அண்ணா" என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். விநியோகஸ்தர் என்னிடமிருந்து எடுக்க மறுக்கிறார். நட்டம் என் தலையில் விழுகிறது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பலகை வைத்திருக்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது. பலகையைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகப் பில்லில் ஒரு காலத்தை அச்சிடுங்கள். பழுதான பொருளை இத்தனை நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நீங்களே வரையறுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒன்றும் எழுதாமல் விட்டால் 30 நாள் என்று அதுவே வைத்துக்கொள்கிறது. பலகை வைத்திருப்பவர் அந்த உரிமையைத் தானே கைவிடுகிறார்.

உங்கள் வருத்தம் நியாயமானது என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஓவர்கிளாக் செய்தாயா என்று கேட்பதால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. செய்தவன் இல்லை என்பான், செய்யாதவன் அவமானப்படுவான். கார்டைக் கேட்பதே நல்லது. கடையில் ஒரு சோதனைக் கணினியை, நல்ல எஸ்.எம்.பி.எஸ்.-ஓடும் வேகம் கூட்டும் மென்பொருள் எதுவும் இல்லாத விண்டோஸோடும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வந்த கார்டை அதில் மாட்டினால், பையன் வீட்டில் என்ன கூட்டியிருந்தாலும் இங்கே அது இயல்பு வேகத்தில்தான் ஓடும். அரை மணி நேரம் பாரம் ஏற்றி ஓட்டி, பயாஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் எண்ணோடு ஒப்பிட்டு, மின்இணைப்பின் முனைகள் கருகியிருக்கின்றனவா, திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் உங்களுக்கே நிலவரம் விளங்கிவிடும். திருகின் மேல் ஒட்டிய சீட்டு கிழிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். விசிறியைத் துடைப்பதற்காகத் திறந்தவரும் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய சீட்டுகளைக் காட்டி வாரண்டி மறுப்பது குறித்துக் கணினி உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் சிலருக்கு அந்நாட்டு வணிக ஆணையம் 2024 ஜூலையில் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது.

கார்டு உங்கள் மேசையில் ஒழுங்காக ஓடினால், வாடிக்கையாளரை எதிரே உட்காரவைத்துக் காட்டுங்கள்; வெப்பம், வேகம், ஓடிய நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடமே கார்டைத் திருப்பிக் கொடுங்கள். வழக்குப் போட்டாலும் அந்தத் தாள் உங்களுக்குத் துணை நிற்கும். விற்கும் நாளிலேயே இந்தச் சோதனையை அவர் முன்னால் ஒருமுறை செய்து சீரியல் நம்பரோடு கையெழுத்து வாங்கிவிட்டால், வாங்கியதிலிருந்தே இப்படித்தான் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. பத்து நிமிட வேலை. பெரிய நகரக் கடைகள் பல இதைச் செய்வதில்லை, செய்தால் கம்பத்திலிருந்து வருபவர் உங்களைத் தேடி வருவார்.

கார்டு உங்கள் மேசையிலும் விழுந்துவிட்டால், விநியோகஸ்தர் எடுக்க மறுக்கிறார் என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. அதை வாடிக்கையாளரின் பக்கம் தள்ள முடியாது, ஏனென்றால் அவரிடம் பணம் வாங்கிப் பில் போட்டவர் நீங்கள். சோதனைத் தாளின் நகலோடு விநியோகஸ்தருக்கு எழுதிக் கேளுங்கள். இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லையென்றாலும் சொல்லிவிடுகிறோம்: திரும்பி வந்த கார்டைத் துடைத்து மறுபடி பெட்டியில் போட்டுப் புதியது என்று விற்பதை அதே 2(47) பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. திறந்த பெட்டி என்று சொல்லி விலை குறைத்து விற்பதில் தவறில்லை.

மூணாறிலிருந்து ஒரு மாணவர்:

நான் வாங்கிய கார்டின் பெட்டியிலேயே ஓ.சி. (ஓவர்கிளாக்) என்று அச்சிட்டிருக்கிறது. அடிக்கடி விளையாட்டு நின்றுபோகிறது. "இது ஓவர்கிளாக் கார்டு, இதற்குத் திரும்பப் பெறும் வசதி கிடையாது" என்கிறார் கடைக்காரர். எர்த் சரியில்லாத வீடு, இடி மின்னலில் கெட்டிருக்கும் என்றும் சொல்கிறார்.

பதில்: கடைக்காரர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறார். ஓ.சி. என்று அச்சிட்டு வருபவை, கார்டு தயாரிக்கும் கம்பெனி, சில்லை வடிவமைத்த என்விடியாவோ ஏ.எம்.டி.யோ சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தைத் தானே பயாஸில் அமைத்து, அந்த வேகத்தைப் பெட்டியில் விளம்பரமும் செய்து, பல நேரம் அதற்காகக் கூடுதல் விலையும் வைத்து விற்பவை. உங்களைப் பொறுத்தவரை அதுவே அந்தக் கார்டின் இயல்பு வேகம். வாரண்டி நிபந்தனைகளில் வரும் ஓவர்கிளாக் என்ற சொல் வாங்கியவர் கூட்டியதைக் குறிக்குமே தவிர, கம்பெனியே கூட்டி விற்றதைக் குறிக்காது.

உங்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. வேகத்தை மாற்றும் மென்பொருளை எல்லாரும் கூட்டுவதற்குப் பயன்படுத்துவார்கள். நீங்கள் அதைக் கொண்டு மைய வேகத்தை 50 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஓட்டிப் பாருங்கள். குறைத்தால் நிற்காமல் ஓடுகிறது, பெட்டியில் சொன்ன வேகத்துக்கு வந்தால் விழுகிறது என்றால், விளம்பரம் செய்த வேகத்தை அந்தக் கார்டு தாங்கவில்லை என்பது தெளிவு. கொஞ்சம் குறைத்து வைத்து ஓட்டிக்கொள் என்று கடைக்காரர் யோசனை சொல்லக்கூடும். அதை ஏற்க வேண்டியதில்லை, கூடுதல் வேகத்துக்குத்தான் விலை கொடுத்திருக்கிறீர்கள். இடியைப் பற்றி அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. இடுக்கி மலையில் சித்திரை, ஐப்பசி மாதங்களின் மாலை மின்னல் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மின்னல் பாய்ந்த கார்டு பெரும்பாலும் ஒரேயடியாக உயிரை விடும்; அதோடு எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு என்று துணைக்கும் எதையாவது இழுத்துக்கொண்டு போகும். வேகத்தைக் குறைத்ததும் சரியாகிவிடும் பழுதுக்கு மின்னலைக் காரணம் காட்டுவது பொருந்தவில்லை. இரு வேகங்களிலும் ஓட்டிய சோதனைப் படங்களோடு, பெட்டியில் வேகம் அச்சிட்டிருக்கும் பக்கத்தையும் படமெடுத்து இணைத்துக் கடைக்கு எழுதுங்கள். வீட்டு எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிபார்த்த ரசீதையும் கூடவே வையுங்கள்.